மாத்திரையை எண்ணியவர்கள்

1950களின் பிற்பாதியில் சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளுக்கு ஒரு விருந்தாளி வந்துபோவதுண்டு. வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். வந்தவுடன் மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்வார். பாயின் மேல் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணுவார். போன வாரம் மருந்தகத்தில் எத்தனை கொடுத்தார்கள், இன்றைக்கு எத்தனை மிச்சம் இருக்க வேண்டும் என்ற கணக்கு அவர் கையில் இருக்கும். கணக்கு இடித்தால் திட்ட மாட்டார், குறித்துக்கொள்வார். பிறகு ஒரு சிறு புட்டியை நீட்டி, சிறுநீர் பிடித்துத் தரச் சொல்வார். மருந்து உடம்புக்குள் போனதா, கூரை இடுக்குக்குள் போனதா என்பதைச் சிறுநீர் சொல்லிவிடும்.

அந்த விருந்தாளி சேத்துப்பட்டு ஸ்பர்டேங்க் சாலையிலிருந்த காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தின் ஊழியர். வீடு வீடாகப் போய் மாத்திரை எண்ணிய அந்த வேலையிலிருந்து பிறந்த ஒரு யோசனை பிறகு நியூயார்க் வரை போயிற்று. அங்கிருந்து வேறு உடை உடுத்திக்கொண்டு மறுபடி இந்தியாவுக்கே வந்தது. பெருநகரங்கள் காசநோயோடு போராடிய கதையில் பாதி, அந்த யோசனை போய்வந்த பாதையில் அடங்கிவிடுகிறது.

காசநோய் கிராமத்துக்கும் உண்டு என்றாலும், அதை ஒரு நிர்வாகப் பிரச்சினையாக முதலில் பார்த்தது நகரம்தான். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதுவரை பரம்பரைச் சாபம் என்றும், மெல்லிய மனசுக்காரர்களுக்கு வரும் நோய் என்றும் நம்பப்பட்ட எலும்புருக்கி, ஒரே நாளில் தொற்றுநோய் ஆனது. தொற்றுநோய் என்றால் அடுத்த கேள்வி, யாரிடமிருந்து யாருக்கு என்பதுதான். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிய முதல் பெருநகரங்களில் நியூயார்க் ஒன்று.

அங்கே சுகாதாரத் துறையில் இருந்த ஹெர்மன் பிக்ஸ் பிடிவாதக்காரர். சளியை இலவசமாகப் பரிசோதிக்க நகராட்சியின் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார். 1897இல், காசநோயாளியைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும் அவரது பெயரையும் விலாசத்தையும் நகராட்சிக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி வந்தது. மருத்துவர்கள் கொதித்தார்கள். என் நோயாளியின் ரகசியத்தை அரசாங்கத்துக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். பெயர் வெளியே போனால் நோயாளி வேறு டாக்டரிடம் போய்விடுவாரே என்ற கவலையும் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருந்தது. பிக்ஸ் அசையவில்லை. இந்தியாவில் காசநோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமானது 2012 மே மாதத்தில். நடுவே 115 ஆண்டுகள். ஆனால் இங்கே தனியார் மருத்துவர்கள் காட்டிய தயக்கம், வார்த்தைக்கு வார்த்தை அதே தயக்கம்.

பெயர்ப் பட்டியல் கையில் வந்ததும் நியூயார்க்குக்கு ஒன்று புரிந்தது. நோய் நகரத்தில் சமமாகப் பரவியிருக்கவில்லை. கீழ்க்கிழக்குப் பகுதியின் ஜன்னலில்லாத அடுக்குமாடிக் கட்டடங்களில் அது குவிந்து கிடந்தது. அங்கிருந்த ஒரு கட்டடத் தொகுதிக்கு 'நுரையீரல் பிளாக்' என்றே பெயர் விழுந்தது. எர்னஸ்ட் பூல் என்ற எழுத்தாளர் 1903இல் அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 1901ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், இனிக் கட்டப்படும் வீடுகளில் அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வந்தாக வேண்டும் என்றது. மருந்தே இல்லாத காலத்தில் சட்டத்தால் ஜன்னல் வைக்க முடிந்தது. அதுவும் சின்ன விஷயமில்லை.

மருந்து இல்லாததால் பிறந்த இன்னொரு ஏற்பாடு சானடோரியம். மலைக்காற்று, ஓய்வு, பால், முட்டை. சென்னை மாகாணத்திலும் இந்த நம்பிக்கை வேர்விட்டது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்று பெயரிடப்பட்ட இடத்தில் மிஷனரிகள் ஒரு சானடோரியம் எழுப்பினார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர் அதன் முதல் தலைமை மருத்துவர்.

தாம்பரத்தின் கதை இன்னும் சுவையானது. டேவிட் சௌரிமுத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் சொந்தமாகச் சானடோரியம் நடத்தி வந்த இந்திய மருத்துவர். வெள்ளைக்காரர்கள் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். கணித மேதை ராமானுஜனும் இங்கிலாந்தில் நோயுற்றபோது சில காலம் அங்கே இருந்தார். ராமானுஜன் 1920இல் சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு வந்தது காசநோயே இல்லை, ஈரலைத் தாக்கிய அமீபா நோய் என்று பின்னாளில் வாதிட்டவர்களும் உண்டு. அது தனிக் கதை. சௌரிமுத்து இந்தியாவுக்குத் திரும்பி, 1928இல் தாம்பரத்தில் ஒரு பன்னிரண்டு படுக்கைகளோடு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அது அரசின் கைக்கு மாறியது. சென்னையிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் மின்சார ரயிலில் போகிறவர்கள் இன்றைக்கும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையப் பலகையைப் பார்க்கலாம். காசநோய் விடுதியின் பெயரில் ஒரு ரயில் நிலையம் இருப்பது யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை. பழகிவிட்டது.

நம்பிக்கையெல்லாம் சரி, கணக்கு எங்கே உதைத்தது? நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியாவில் நோயைப் பரப்பக்கூடிய நிலையில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுக்கு 5 லட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. நாடு முழுவதும் அவர்களுக்கென்று இருந்த படுக்கைகளோ சுமார் 6,000. எத்தனை தாம்பரங்கள் கட்டினாலும் அந்த இடைவெளி நிரம்பாது. எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் இந்த நோய்க்குப் பலியானார். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது உலகில் இருந்தது. இருந்தது என்பதற்கும் கிடைத்தது என்பதற்கும் நடுவே இந்திய நோயாளிக்குக் கடல் இருந்தது.

1952இல் நியூயார்க்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்நகரின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில், சாகக் கிடந்த நோயாளிகளுக்கு ஐசோனியாசிட் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பசி வந்தது, எடை கூடியது. வார்டிலேயே நோயாளிகள் ஆடிப்பாடும் படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன. ஸ்ட்ரெப்டோமைசினைப் போல ஊசியாகப் போட வேண்டாம், வாய்வழி விழுங்கினால் போதும். விலையும் மலிவு. தனியாகக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்பதால் கூடவே பாஸ் என்ற இன்னொரு மருந்தையும் சேர்க்க வேண்டியிருந்தது. பாஸ் நோயாளிகள் வெறுத்த மருந்து. கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைக் கலக்கும்.

மாத்திரை வந்துவிட்டது என்றால் படுக்கை எதற்கு? இந்தக் கேள்வியைச் சோதிக்கத்தான் 1956இல் சென்னை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்த ஏற்பாடு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமை தாங்கினார். ஆய்வுக்கூடப் பணிகளுக்கு லண்டனிலிருந்து டென்னிஸ் மிச்சிசன் துணை நின்றார். எஸ்.பி. திரிபாதி, எஸ். தேவதத்தா, புள்ளியியலாளர் எஸ். ராதாகிருஷ்ணா ஆகியோர் அங்கே உழைத்தவர்களில் சிலர்.

சோதனை கேட்பதற்கு எளிது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மறு பாதிப் பேர் வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஓராண்டு. சானடோரியக்காரருக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, செவிலியர் கவனிப்பு. வீட்டுக்காரருக்கு வீட்டில் என்ன உண்டோ அது. பலர் உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போய்விட்டார்கள், போகாவிட்டால் உலை கொதிக்காது. வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். சொல்லாமல் வரும் அந்த விருந்தாளி இடையிடையே வந்து எண்ணிவிட்டுப் போவார்.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்குச் சளியில் கிருமி அடங்கியிருந்தது, வீட்டில் இருந்தவர்களில் 86 பேருக்கு. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. சானடோரியத்தில் எடை அதிகம் ஏறியது உண்மை. ஆனால் கிருமி சாப்பாட்டைப் பார்த்துச் சாகவில்லை, மருந்தைப் பார்த்துத்தான் செத்தது.

உலகை இன்னும் அதிரவைத்த முடிவு ஒன்று உண்டு. நோயாளியை ஒற்றை அறை வீட்டிலேயே விட்டுவைத்தால் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் தொற்றிக்கொள்ளாதா? ஐந்தாண்டுகள் அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தைவிட வீட்டில் தங்கியவரின் குடும்பத்தில் நோய் அதிகம் வரவில்லை. ஆபத்தெல்லாம் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்திய மாதங்களில்தான் இருந்தது. மருந்து தொடங்கிய பிறகு நோயாளியைத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்து ஒதுக்கியது எல்லாம் வீண் கொடுமை.

சினிமா இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆய்வு வெளியாகி இரண்டாண்டு கழித்து வந்த 'பாலும் பழமும்' படத்தில் காசநோய் கண்ட கதாநாயகி கணவனை விட்டு விலகிப் போய்விடுகிறாள். சேத்துப்பட்டின் முடிவு கோடம்பாக்கத்துக்கு எட்டப் பல ஆண்டுகள் ஆயின. மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும்கூட எட்டவில்லை.

மருத்துவ உலகம் கேட்டுக்கொண்டது. மேற்கில் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. இந்தியா 1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனத்தை அமைத்து, 1962இல் தேசியக் காசநோய்த் திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு மையம், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை. அடித்தளம் சென்னையின் 193 பேர்.

ஆனால் சென்னை மையத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அவர்களிடம் மாத்திரைக் கணக்கும் இருந்ததே! ஓராண்டு காலம், நாள்தோறும், குமட்டும் மருந்தை ஒருவர் தானாக விழுங்குவார் என்று நம்புவது எவ்வளவு அப்பாவித்தனம் என்பதை அந்தக் குறிப்பேடுகள் காட்டின. இருமல் இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறது. நின்றபின் மருந்து எதற்கு? படித்தவர், படிக்காதவர், ஏழை, பணக்காரர் என்று இதில் பேதமில்லை என்று ஃபாக்ஸ் கருதினார். 1958இலேயே இந்தச் சிக்கலைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். நோயாளியைக் குறை சொல்லிப் பயனில்லை, மருந்து கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று மையம் தீர்மானித்தது.

மாற்றினார்கள். தினமும் வீட்டில் விழுங்குவதற்குப் பதிலாக, வாரம் இருமுறை நோயாளி மையத்துக்கு வருவார். ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடுதல் அளவில் ஐசோனியாசிட். ஊழியரின் கண்முன்னே விழுங்க வேண்டும். 1964இல் வெளியான முடிவில், தினமும் வீட்டில் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள் நன்றாகவே தேறியிருந்தார்கள். எண்ணும் விருந்தாளிக்கு வேலை போயிற்று. எண்ண வேண்டியதில்லை, பார்த்தால் போதும். ஹாங்காங்கிலும் இதே பாணியில் கண்காணிப்புச் சிகிச்சை வளர்ந்தது.

இதே காலத்தில் காசநோய்க்கு எதிராக இன்னொரு குறுக்கு வழியையும் அரசு நம்பியிருந்தது. அதுதான் பி.சி.ஜி. தடுப்பூசி. 1948இல் கிண்டியில் தயாரிப்புக் கூடம் வந்தது, 1950களில் நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். எதிர்த்தவர் சாதாரண ஆளில்லை, முதலமைச்சர் பதவியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்த ராஜாஜி. 1955இல் 'ஏன் எதிர்க்கிறேன்' என்று ஒரு சிறு வெளியீடே எழுதினார். நிரூபிக்கப்படாத மருந்தை லட்சக்கணக்கான குழந்தைகள் மேல் சோதிப்பதா என்பது அவர் வாதம். அவருடைய பல பயங்கள் மிகையானவை. ஆனால் நிரூபணம் எங்கே என்ற கேள்விக்கு விடை தேட 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 3,60,000 பேரைக் கொண்டு ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று அது சொன்னபோது உலகமே திகைத்தது. குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளிலிருந்து அது காப்பாற்றுகிறது என்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம். நகரங்களில் தொற்றுச் சங்கிலியை அறுக்கும் வேலை மீண்டும் மாத்திரையின் தலையில் விழுந்தது.

இப்போது நியூயார்க்குக்குத் திரும்பிப் போக வேண்டும்.

வீட்டுச் சிகிச்சை போதும் என்று ஆனதும், 1960களின் இறுதியில் அந்நகரம் தன் காசநோய்ப் படுக்கைகளைக் குறைக்க முடிவுசெய்தது. நியாயமான முடிவு. படுக்கைகளுக்குச் செலவான பணம் புறநோயாளி மருந்தகங்களுக்குப் போகும் என்பது ஏற்பாடு. படுக்கைகள் போயின, பணம் வரவில்லை. 1970களின் நடுவில் நகராட்சி திவாலாகும் நிலைக்குப் போனபோது இருந்ததும் வெட்டப்பட்டது. நோய் ஒழிந்துகொண்டிருக்கிறது, எதற்கு இத்தனை செலவு என்று யாரோ ஒரு அலுவலகத்தில் கேட்டிருப்பார்கள். கேட்பதற்கு ஆள் எல்லா ஊரிலும் உண்டு.

அதற்குப் பிறகு வீடற்றோர் விடுதிகள் நிரம்பின. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான கட்டில்கள். எய்ட்ஸ் வந்தது. நோய் எதிர்ப்பு குலைந்த உடம்பில் காசநோய் காட்டுத்தீ. 1978க்கும் 1992க்கும் இடையில் நகரின் காசநோயாளிகள் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்கானது. 1992இல் மட்டும் 3,811 பேர். உலகின் பணக்கார நகரத்தில்.

காரணத்தைப் போட்டு உடைத்தவர்கள் கரேன் பிரட்னி, ஜே டாப்கின் என்ற இரு மருத்துவர்கள். 1988இல் ஹார்லெம் மருத்துவமனையில் காசநோய்ச் சிகிச்சை தொடங்கி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். 178 பேரில் 89 சதவீதம் பேர் பாதியில் காணாமல் போயிருந்தார்கள். மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது 1950களிலேயே தெரிந்த பாடம். கிருமி மருந்துக்குப் பழகிவிடும். 1991இல் நகரம் முழுவதும் எடுத்த கணக்கில், சோதிக்கப்பட்ட நோயாளிகளில் மூன்றில் ஒருவரின் கிருமி ஏதாவது ஒரு மருந்துக்காவது அடங்கவில்லை. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு, காசநோய்ச் சிகிச்சையின் இரு முக்கிய மருந்துகளும் கைவிட்டிருந்தன.

அந்தக் கணக்கெடுப்பை நடத்திய இளம் மருத்துவர் தாமஸ் ஃப்ரீடன். 1992இல் நகரின் காசநோய்ப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. அவர் செய்ததில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை என்பதுதான் விஷயத்தின் அழகு. ஊழியர்களை எடுத்தார். நோயாளியைத் தேடி மருந்தை அனுப்பினார். வீடுகளுக்கு, விடுதிகளுக்கு, தெருமுனைகளுக்கு, பாலத்தடிகளுக்கு. ஊழியர் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுப்பார், விழுங்கும்வரை நிற்பார். சேத்துப்பட்டில் பிறந்த வழக்கம் மன்ஹாட்டனில் நடந்தது. 1994இல் நோயாளிகள் 2,995 ஆகக் குறைந்தார்கள், இரண்டே ஆண்டில் 21 சதவீதம்.

கசப்பான பக்கமும் உண்டு. 1993இல் நகரம் சுகாதார விதிகளைத் திருத்தியது. எவ்வளவு சொல்லியும் மருந்து எடுக்காதவரை, நோய் பரப்பும் நிலையைக் கடந்துவிட்டவராக இருந்தாலும், சிகிச்சை முடியும்வரை மருத்துவமனையில் அடைத்துவைக்க அதிகாரம் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் 8,000க்கும் அதிகமான நோயாளிகளில் 139 பேர் அப்படி அடைக்கப்பட்டார்கள். எண்ணிக்கை சிறியது என்பார்கள் நிர்வாகிகள். பிக்ஸ் காலத்தில் ஒரு தீவு மருத்துவமனையில் ஏழை நோயாளிகளைக் கட்டாயமாகத் தங்கவைத்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அடைக்கப்படுபவர் எப்போதும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது தெரியும்.

1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய அவசரநிலை என்று அறிவித்தது. நேரடிக் கண்காணிப்பில் குறுகிய காலச் சிகிச்சை என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாட்ஸ்' என்று ஒரு பெயர் பிறந்தது. பின்னால் வந்த ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் புண்ணியத்தில் ஓராண்டுச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியிருந்தது. சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் அந்த மருந்து உள்ளே போயிற்றா என்பதை அறிய ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். இந்தியா 1997இல் இந்த முறையில் திருத்தப்பட்ட திட்டத்தை விரிவாக்கத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் அதற்கு உதவ 1996இல் டெல்லிக்கு வந்திறங்கியவர் வேறு யாருமில்லை, அதே ஃப்ரீடன். சென்னைச் சரக்கு நியூயார்க் முத்திரையோடு வந்து சேர்ந்தது. அங்கன்வாடி ஊழியரும், பெட்டிக்கடைக்காரரும், குணமான பழைய நோயாளியும் மாத்திரை கொடுப்பவர் ஆனார்கள். 2006இல் திட்டம் நாடு முழுவதையும் எட்டியது. நோயாளிகள் லட்சக்கணக்கில் குணமானார்கள், சந்தேகமில்லை.

அப்படியானால் சென்னையில் காசநோய் ஒழிந்திருக்க வேண்டாமா?

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெயர் மாறிய அதே சேத்துப்பட்டு மையம் நகரின் வார்டுகளில் வீடு வீடாகப் போனது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தது. சளியில் கிருமி உறுதியானவர்கள் லட்சத்துக்கு 349 பேர். பெண்களைவிட ஆண்கள் பல மடங்கு. மருந்தகத்துக்குத் தானாக வருபவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். இருமலைச் சிகரெட் இருமல் என்று தள்ளிப்போடுபவர்கள், பகல் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்கள், தெருமுனை டாக்டரிடம் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பவர்கள். ஐந்தாண்டு குடும்ப ஆய்வு அன்றைக்கே சொன்னது போல, ஆபத்தெல்லாம் கண்டுபிடிப்பதற்கு முந்திய மாதங்களில்தான் இருக்கிறது. விழுங்குவதைப் பார்ப்பதற்கு ஆள் போட்ட திட்டம், தேடிப் போவதற்கு ஆள் போட மறந்திருந்தது. பின்னாளில் எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகளை மாநகராட்சி தெருக்களுக்கு அனுப்பியது இந்தக் குறையைச் சரிசெய்யத்தான். தனியார் மருத்துவர்களை இந்த வலைக்குள் கொண்டுவர, 1999இல் சென்னையில் தொடங்கிய ரீச் என்ற தொண்டு நிறுவனம் நெடுங்காலமாகப் பாடுபட்டு வருகிறது.

கண்முன்னே விழுங்கவைப்பதிலும் தையல் பிரிந்தது. திருத்தப்பட்ட திட்டத்தின் வாரம் மூன்று முறை என்ற அட்டவணை ஊழியருக்கு வசதி. ஆனால் எச்.ஐ.வி. தொற்றும் உள்ள காசநோயாளிகளுக்கு அது போதாது, தினசரிச் சிகிச்சையே மேல் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விட்டு விட்டுக் கொடுக்கும் முறைக்குத் தொட்டிலாட்டிய சென்னை மையமே அந்த ஆய்வையும் நடத்தியது. தன் பிள்ளையைத் தானே கண்டித்த நேர்மை அது. ஏற்கெனவே நாடு தினசரி முறைக்கு மாறத் தொடங்கியிருந்தது. தினமும் என்றால் தினமும் பார்க்க ஆள் எங்கே? இந்தியாவில் ஒரு யுக்தி பிறந்தது: மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை. மாத்திரையைப் பிதுக்கினால் உள்ளே மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்குக் காசில்லாமல் ஓர் அழைப்பு. விருந்தாளியின் வேலையை இப்போது மிஸ்டு கால் செய்தது. எண்ணை அழைத்தவர் மாத்திரையை விழுங்கினாரா என்று கேட்காதீர்கள். ஃபாக்ஸ் இருந்தால் சிறுநீர்ப் புட்டியோடு வந்திருப்பார்.

காசநோயை 2025க்குள் ஒழிப்போம் என்று இந்தியா 2018இல் அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2015இல் லட்சத்துக்கு 237ஆக இருந்த புதிய நோயாளிகள் 2023இல் 195. குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. அந்த ஆண்டில் உலகின் நோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர்.

இங்கேதான் 1959ஆம் ஆண்டின் முடிவை மறுபடி வாசிக்க வேண்டியிருக்கிறது. சாப்பாடு குறைந்தாலும் மருந்து வேலை செய்கிறது என்றது ஆய்வு. அதைத் திட்டம் தீட்டியவர்கள், சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று படித்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றா? மருந்து சாப்பிடும் நோயாளியைப் பற்றி மட்டும் பேசிய ஆய்வு அது. பசியோடு இருக்கும் உடம்பில் நோய் முதலில் எப்படிப் பற்றுகிறது என்பது அதன் கேள்வியாகவே இருக்கவில்லை. அறுபதாண்டு காலம் இந்தியக் காசநோய்த் திட்டம் மாத்திரையைத் தந்தது, அரிசியைத் தரவில்லை. மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2018இல்தான் வந்தது. 2024இல் அது 1,000 ஆனது.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வு ஜார்க்கண்டில் நடந்தது. 2023இல் முடிவு வெளியானது. நோயாளியின் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்ட குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடையே மரணமும் வெகுவாகக் குறைவு. ஆய்வில் பங்கேற்ற நிறுவனங்களில் சென்னையின் பழைய மையமும் ஒன்று.

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் மாத்திரை எண்ணுவதற்கு முன்னால் சில காரியங்கள் நடக்கின்றன. உயரமும் எடையும் பார்க்கிறார்கள். கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எவ்வளவு வேகமாக ஓடுகிறது, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று குறிக்கிறார்கள். யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று நிற்கவைத்துப் பார்க்கிறார்கள். நிற்க முடியாதவரை, எலும்பும் தோலுமாக வந்தவரை, மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. அவருக்கு ஒரு படுக்கை தேடுகிறார்கள்.